ஜாமீன் சட்டத்துக்காகக் காவல் மானியம் பறிபோகுமா? கவுண்டி கணக்கைச் சோதிக்கும் முறை

ரொக்க ஜாமீனை, அதாவது பணம் கட்டி விசாரணை வரை வெளியே இருக்கும் முறையை, கைவிட்ட இடங்களுக்கு ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) பணம் போகக் கூடாது என்ற கொள்கையை அறிவித்து, 2025 ஆகஸ்ட் 25 அன்று அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அப்படிப்பட்ட மாநிலத்தில் இருக்கும் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற உள்ளாட்சிக்கு) உடனே எழும் கேள்வி: கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் அலுவலகத்துக்கு வரும் மானியம் நின்றுவிடுமா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் தருபவரை நம்ப வேண்டாம். மானியத்துக்கு மானியம் பதில் மாறும். எந்த டாலர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் ஆபத்து எவ்வளவு என்று தெரியும். பட்ஜெட் அலுவலர், கவுண்டியை நடத்தும் வாரியத்தின் உறுப்பினர், பொதுக் கூட்டத்தில் கேள்வி கேட்க நினைக்கும் குடிமகன் என யார் வேண்டுமானாலும் இந்தப் பிரிப்பைச் செய்யலாம். தேவையான ஆவணங்களில் பெரும்பாலானவை பொது ஆவணங்களே.

முதலில் ஆணையையே படியுங்கள். அது இரண்டு வேலைகளை ஏவுகிறது. ஒன்று, வன்முறை, பாலியல் குற்றம், வீடுபுகுந்து திருடுதல், சூறையாடுதல், சொத்தை நாசமாக்குதல் போன்ற, பொதுப் பாதுகாப்புக்குத் தெளிவான அச்சுறுத்தலான குற்றங்களில் ரொக்க ஜாமீனை "பெருமளவு ஒழித்துவிட்ட" மாநிலங்களையும் உள்ளாட்சிகளையும் நீதி அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் 30 நாளில் பட்டியலிட வேண்டும். இரண்டு, அந்தப் பட்டியலில் உள்ள இடங்களுக்குப் போகும் மானியங்களிலும் ஒப்பந்தங்களிலும் எவற்றை நிறுத்திவைக்கலாம், எவற்றை ரத்து செய்யலாம் என்று ஒவ்வொரு துறையும் அடையாளம் காண வேண்டும். மூன்று இடங்களில் அடிக்கோடிடுங்கள்: "பெருமளவு" என்ற சொல், "அட்டர்னி ஜெனரலின் கருத்தில்" என்ற தொடர், "பொருந்தும் சட்டத்துக்கு உட்பட்டு" என்ற தொடர். முதல் இரண்டும் நிர்வாகத்தின் கையை நீட்டுகின்றன. மூன்றாவது அந்தக் கையைக் கட்டுகிறது. ஆணை தன்னளவில் ஒரு டாலரையும் வெட்டவில்லை. அப்படி வெட்ட ஒவ்வொரு மானியத்துக்கும் தனியாக ஒரு சட்ட வழி வேண்டும்.

உங்கள் ஜாமீன் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரே பக்கத்தில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ரொக்க ஜாமீன் இல்லை" என்ற சொல் மிகவும் வேறுபட்ட பல நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. தவறு பெரும்பாலும் இங்கேயே தொடங்கிவிடும்.

இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் ரொக்க ஜாமீனை முழுவதும் நீக்கியது. முழுமையாக நீக்கிய முதல் மாநிலம் அதுதான். ஆனால் அங்கே கைதானவர் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அரசுத் தரப்பு மனு செய்தால், சட்டம் குறிப்பிடும் குற்றங்களில் நீதிபதி விசாரணை நடத்தி, பணம் என்ற பேச்சே இல்லாமல் காவலில் வைக்கலாம். நியூ ஜெர்சியில் 2017 ஜனவரி 1 முதல் ரொக்க ஜாமீன் நடைமுறையில் அரிதாகிவிட்டது, ஆனால் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. நியூயார்க் 2020 ஜனவரியில் பெரும்பாலான சிறு குற்றங்களுக்கும் வன்முறையற்ற குற்றங்களுக்கும் மட்டும் நீக்கியது, பிறகு அதையும் சில முறை திருத்தியது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் 2018-இல் நிறைவேற்றிய சட்டத்தை வாக்காளர்கள் 2020 நவம்பரில் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம், பணம் கட்ட முடியாது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அலாஸ்கா சீர்திருத்தம் கொண்டுவந்து 2019-இல் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது.

இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில் சேருங்கள், பின்னால் வாதத்துக்கு உதவும். ஃபெடரல் நீதிமன்றங்களுக்கான 1984-ஆம் ஆண்டு ஜாமீன் சட்டமே, ஒருவரைச் சிறையில் இருக்க வைக்கும் விளைவைத் தரும் பண நிபந்தனையை நீதிபதி விதிக்கக் கூடாது என்கிறது. அது சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 3142-ஆம் பிரிவில் உள்ளது. ஆபத்தானவர் என்றால் விசாரணை நடத்திக் காவலில் வைக்கலாம். அந்த முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் சலெர்னோ வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, ஃபெடரல் அரசு தன் சொந்த நீதிமன்றங்களில் பின்பற்றும் முறைக்கும் இல்லினாய் முறைக்கும் உள்ள தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

பக்கத்தின் கடைசி வரியில் எழுத வேண்டியது: இதை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? மாநிலச் சட்டமன்றத்துக்கா, மாநில உச்ச நீதிமன்ற விதிக்கா, எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு பணம் என்று சொல்லும் வட்டார நீதிபதிகளின் ஜாமீன் அட்டவணைக்கா? பெரும்பாலும் கவுண்டி வாரியத்துக்கும் ஷெரிஃபுக்கும் அந்த அதிகாரம் இல்லை. தன்னால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி ஒரு கவுண்டியின் பணத்தைப் பிடித்துவைப்பது அநியாயம். மானியத்தை நிறுத்தும் கடிதம் வந்தால், அதை உங்கள் பதில் கடிதத்தில் தயங்காமல் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும்.

பணத்தைப் பிரிப்பது

கவுண்டியின் ஆண்டுத் தணிக்கை அறிக்கையின் பின்பகுதியில் ஃபெடரல் மானியச் செலவு அட்டவணை இருக்கும். ஒரு நிதியாண்டில் ஃபெடரல் பணம் 7,50,000 டாலரோ அதற்கு மேலோ செலவழித்த உள்ளாட்சி எல்லாம் இதைத் தயாரித்தாக வேண்டும். 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு இந்த வரம்பு 10 லட்சம் டாலர். அட்டவணையில் ஒவ்வொரு மானியத்துக்கும் ஓர் எண் உண்டு: பைர்ன் நினைவு நீதி உதவி மானியம் 16.738, சமூகக் காவல் பணியமர்த்தல் மானியம் 16.710, குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உதவி 16.575. 16 என்று தொடங்குபவை நீதி அமைச்சகத்தின் பணம், 97 என்று தொடங்குபவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பணம். ஆணை எல்லாத் துறைகளையும் தொடுவதால் 16-ஓடு நின்றுவிடாதீர்கள்.

ஒரு விரிதாளில் ஒவ்வொரு மானியத்துக்கும் இவற்றை நிரப்புங்கள்: எண், விருது ஆண்டு (விருது என்பது இங்கே வழங்கப்பட்ட மானியம்), மொத்தத் தொகை, இதுவரை எடுத்தது, மீதி, முடியும் தேதி, நேரடியாக வருகிறதா மாநிலம் வழியாக வருகிறதா, சூத்திரப்படி வருகிறதா போட்டியில் வென்றதா. கடைசிக் கேள்விக்கான விடைதான் எல்லாவற்றிலும் முக்கியம். மானியம் தரும் துறை ஆண்டுதோறும் தன் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுத்தால் அது போட்டி மானியம். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு கணக்கை எழுதிவைத்து அதன்படி பணம் பிரிந்தால் அது சூத்திர மானியம்.

சூத்திர மானியத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு பைர்ன் மானியம். 1988-இல் குயின்ஸில் ஒரு சாட்சியின் வீட்டைக் காவல் காத்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட நியூயார்க் காவலர் எட்வர்ட் பைர்னின் பெயரால் வருவது. மாநிலத்தின் பங்கில் பாதி மக்கள்தொகையாலும் பாதி வன்முறைக் குற்ற எண்ணிக்கையாலும் முடிவாகிறது. எந்த மாநிலத்துக்கும் மொத்தத்தில் 0.25 சதவீதத்துக்குக் குறையாது. அந்தப் பங்கில் 60 சதவீதம் மாநில அரசுக்கு, 40 சதவீதம் நேரடியாக உள்ளாட்சிகளுக்கு. ஒரு மாநிலத்துக்கு 1 கோடி டாலர் வந்தால் 60 லட்சம் மாநிலத்திடம் போகும், 40 லட்சம் உள்ளாட்சிகளிடையே வன்முறைக் குற்றங்களின் விகிதப்படி பிரியும். கணக்கில் 10,000 டாலருக்குக் குறைவாக வரும் ஊரின் பங்கு மாநிலத்துக்கே திரும்பிவிடும். மாநிலமும் தன் 60 சதவீதத்தில் ஒரு பகுதியைக் கீழே கொடுக்க வேண்டும். உங்கள் கவுண்டி இரண்டு வழியாகவும் பணம் பெறலாம். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் ஆபத்துக் கணக்கு தவறிவிடும், ஏனென்றால் மாநிலத்தின் விருது நிறுத்தப்பட்டாலும் உங்கள் நேரடி விருது தனியாக நிற்கும்.

சமூகக் காவல் பணியமர்த்தல் மானியம் போட்டி வகை. புதுக் காவலரின் தொடக்க நிலைச் சம்பளத்திலும் சலுகைகளிலும் 75 சதவீதம் வரை மூன்று ஆண்டுக்குத் தரும், ஆனால் ஒரு பதவிக்கு 1,25,000 டாலருக்கு மேல் தராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு காவலருக்கு மூன்றாண்டில் 3,00,000 டாலர் ஆகும் என்றால் 75 சதவீதம் 2,25,000. வரம்பு 1,25,000 என்பதால் மீதி 1,75,000-ஐ கவுண்டி தான் போடும். மானியம் முடிந்த பின் மேலும் 12 மாதம் அந்தப் பதவியை வைத்திருக்க வேண்டும். பாதியில் மானியம் ரத்தானால் ஆள் இருப்பார், பணம் இருக்காது. உங்கள் பட்டியலில் மிகப் பெரிய குழி பெரும்பாலும் இதுதான். மீதி மாதங்களுக்கான சம்பளத்தை இன்றே தனி வரியில் எழுதுங்கள்.

பாதிக்கப்பட்டோர் உதவிப் பணம் வரி வருவாயிலிருந்து வருவதில்லை. ஃபெடரல் குற்றவாளிகள் கட்டும் அபராதத்திலிருந்து வருகிறது. அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் காவல் நிலையம் அல்ல, அடிபட்ட பெண்கள் தங்கும் இல்லங்களும் குழந்தைகளுக்கான ஆலோசனை மையங்களும். ஜாமீன் விவாதத்தில் இவர்கள் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பணம் நின்றால் முதலில் கதவை மூடுவதும் இவர்கள்தான். இந்த வரியைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.

நிபந்தனை செல்லுமா என்று பார்ப்பது

பணத்தைக் காட்டி மாநிலத்தை ஒரு வழிக்குக் கொண்டுவருவது சட்டவிரோதம் அல்ல. 1984-இல் மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. அது செல்லும் என்று 1987-இல் சவுத் டகோட்டா எதிர் டோல் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதிலிருந்து வரும் கேள்விகளை ஒவ்வொரு மானியத்திடமும் கேளுங்கள். பொதுநலனுக்கான செலவா? நிபந்தனை தெளிவாக, பணத்தை ஏற்கும் முன்பே தெரியும்படி எழுதப்பட்டதா? மானியத்தின் நோக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா? அரசியல் சாசனத்தின் வேறு பிரிவை மீறச் சொல்கிறதா? மாநிலம் மறுக்கவே முடியாத அளவுக்குத் தொகை பெரிதா?

கடைசிக் கேள்விக்கு எல்லைக்கோடு ஓரளவு தெரியும். டோல் வழக்கில் ஆபத்திலிருந்த பணம் சவுத் டகோட்டா பட்ஜெட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவு, அது செல்லும் என்றார்கள். 2012-இல் மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்க வழக்கில் ஆபத்திலிருந்தது மாநில பட்ஜெட்டுகளில் 10 சதவீதத்துக்கும் மேல், அது வற்புறுத்தல் என்றார்கள். காவல் மானியம் பெரும்பாலான கவுண்டிகளில் இந்தக் கோட்டுக்கு மிகக் கீழே இருக்கும். எனவே "இது மிரட்டல்" என்ற வாதத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டாம், அது உங்கள் கையிலுள்ள பலவீனமான ஆயுதம்.

வலுவான ஆயுதம் வேறு: இந்த நிபந்தனையை விதித்தது யார்? டோல் வழக்கில் விதித்தது காங்கிரஸ். பைர்ன் மானியத்தில் காங்கிரஸ் வேண்டியபோது வெட்டுகளைத் தானே எழுதியிருக்கிறது. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டு விதிகளைப் பின்பற்றாத மாநிலத்துக்கு 10 சதவீதக் குறைப்பு. காவலில் நேர்ந்த மரணங்களைத் தெரிவிக்காவிட்டால் 10 சதவீதம் வரை. ஜாமீனுக்கு அப்படி ஒரு வரி அந்தச் சட்டத்தில் இல்லை.

இதற்கு நேரடியான முன்னுதாரணம் 2017. குடியேற்ற அதிகாரிகளுக்குச் சிறைக்குள் அனுமதி, விடுதலைக்கு முன் தகவல் ஆகியவற்றை நீதி அமைச்சகம் பைர்ன் மானியத்தில் நிபந்தனையாகச் சேர்த்தது. அமைச்சகத்துக்கு அந்த அதிகாரத்தைக் காங்கிரஸ் தரவில்லை என்று சிகாகோ வழக்கில் 7-ஆம் சுற்று (சில மாநிலங்களை உள்ளடக்கிய வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஃபிலடெல்ஃபியா வழக்கில் 3-ஆம் சுற்றும் சொல்லின. நியூயார்க்கை உள்ளடக்கிய 2-ஆம் சுற்று 2020-இல் மாறாகத் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் கவுண்டி எந்தச் சுற்றில் இருக்கிறது என்பது உங்கள் பதிலையே மாற்றும். இல்லினாய் 7-இல், நியூ ஜெர்சி 3-இல், நியூயார்க் 2-இல்.

போட்டி மானியத்தில் நிலைமை வேறு. சமூகக் காவல் மானியத்துக்கு மனுக்களைத் தரவரிசைப்படுத்தும்போது குடியேற்ற ஒத்துழைப்புக்குக் கூடுதல் மதிப்பெண் தந்ததை 9-ஆம் சுற்று 2019-இல் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஜாமீன் கொள்கைக்கும் நாளை அப்படி மதிப்பெண் வைக்கப்பட்டால் எதிர்ப்பது கடினம். வெட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், விண்ணப்பம் மட்டும் தேறாமல் போகும். எனவே இன்னும் கிடைக்காத போட்டி மானியத்தை அடுத்த ஆண்டு வருவாயாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இந்தக் கருவி ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானதல்ல. ரொக்க ஜாமீனை வைத்திருக்கும் மாநிலங்களுக்கு இதே பைர்ன் மானியத்தை மறுக்க வேண்டும் என்று 2016-இல் டிரம்ப்புக்கு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் டெட் லியூவும், 2018-இல் அந்தக் கட்சியோடு சேர்ந்து இயங்கும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் மசோதா கொண்டுவந்தார்கள், அவை சட்டமாகவில்லை. அதனால் "இந்த மானியத்துக்கும் ஜாமீனுக்கும் சம்பந்தமே இல்லை" என்று வாதிடும் முன் யோசியுங்கள். எதிர்த்தரப்பு இந்த மசோதாக்களை எடுத்துக்காட்டும். காங்கிரஸ் மட்டுமே செய்யக்கூடியதை நிர்வாகம் செய்கிறது என்ற வாதமோ எந்தக் கட்சி ஆட்சியிலும் நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன்

விருதுக் கடிதத்தோடு வரும் சிறப்பு நிபந்தனைகள் பல பக்கம் நீளும். முந்தைய ஆண்டுக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். புதிதாக வந்த வரிகளை மட்டும் கவுண்டி வழக்கறிஞருக்கு அனுப்பினால் போதும், அவர் முழுவதையும் படிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். "பொருந்தும் எல்லா நிர்வாக ஆணைகளையும் பின்பற்றுகிறோம்" என்பது போன்ற உறுதிமொழி வந்தால் அங்கே நில்லுங்கள். பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பணம் பெற்றால் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்படி இழப்பில் மூன்று மடங்கும் அதற்கு மேல் அபராதமும் கட்ட நேரலாம். நிபந்தனையை ஏற்க முடியாது என்றால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து விளக்கம் கேளுங்கள். அச்சிட்ட வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நினைப்பது தவறு.

பைர்ன் மானிய விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படும் முன் குறைந்தது 30 நாள் உள்ளாட்சி மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் இது வெறும் சடங்காகக் கழிகிறது. குடிமக்கள் கேள்வி கேட்கச் சரியான நேரம் இந்த 30 நாள்தான்.

பழைய முறைக்குத் திரும்பினால் ஆகும் செலவு

மானியத்தைக் காப்பாற்ற ரொக்க ஜாமீனைத் திருப்பிக் கொண்டுவரலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் கணக்குப் போட வேண்டும். பணம் கட்ட முடியாமல் கூடுதலாக உள்ளே இருப்பவர்களின் தினசரிச் சராசரியை, ஒருவருக்கு ஒரு நாள் கூடுதல் செலவாலும் 365-ஆலும் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக 40 பேர், நாளுக்கு 30 டாலர் என்றால் ஆண்டுக்கு 4,38,000 டாலர். காப்பாற்ற நினைக்கும் மானியம் 1,80,000 டாலர் என்றால் பேரம் நஷ்டம்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, சிறையின் மொத்தச் செலவைக் கைதிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியைப் பயன்படுத்துவது. கூடுதலாக ஒருவர் வந்தால் உணவும் மருந்தும் துணியும்தான் கூடும், கட்டடமும் காவலரும் ஏற்கெனவே இருக்கின்றன. சராசரியைப் போட்டால் தொகை ஊதிப்போகும், கூட்டத்தில் ஷெரிஃப் ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார். ஆனால் மூடிக் கிடந்த ஒரு பிரிவைத் திறக்க வேண்டிய எண்ணிக்கையைத் தொட்டால் செலவு திடீரென ஏறும். ஒரு காவல் இடத்தில் 24 மணி நேரமும் ஆள் நிற்க, விடுப்பும் பயிற்சியும் சேர்த்தால் சுமார் ஐந்து பேரை வேலைக்கு வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கை என்ன என்று சிறை நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள். வழக்குச் செலவையும் சேருங்கள். ஏழைகளைப் பணத்துக்காக அடைத்துவைத்ததற்காக டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டி ஃபெடரல் வழக்கை எதிர்கொண்டு, 2019-இல் நீதிமன்ற மேற்பார்வையிலான ஒப்பந்தத்துக்கு வந்தது.

குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர் வேலையையும் வாடகை வீட்டையும் இழப்பது இந்த அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வராது. அதற்காக அதை எழுதாமல் விடாதீர்கள். தொகை இல்லாத ஒரு வரியாகவாவது வாரியத்தின் முன் வையுங்கள்.

நிறுத்தக் கடிதம் வந்துவிட்டால்

கடிதம் எந்த விதியைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மானிய விதித் தொகுப்பின் 200.340 ஆக இருக்கும். மானியம் துறையின் முன்னுரிமைகளுக்கு இனி உதவாது என்று சொல்லி ரத்து செய்ய அந்தப் பிரிவு, விருதின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இடம் தருகிறது. 2025 ஏப்ரலில் நீதி அமைச்சகம் 300-க்கும் மேற்பட்ட மானியங்களை இந்த வழியில்தான் ரத்து செய்தது. எனவே உங்கள் விருதுக் கடிதத்தில் அந்த வாசகம் இருக்கிறதா, எந்த ஆண்டுப் பதிப்பு என்று சரிபாருங்கள்.

பிறகு நாள்காட்டி. ஆட்சேபம் தெரிவிக்கும் கடைசித் தேதியைக் கடிதத்திலிருந்தே எடுங்கள். ரத்துத் தேதிக்கு முன் முறையாக ஏற்பட்ட செலவைக் கோரலாம். ரத்து வரப்போகிறது என்று தெரிந்து அவசரமாகச் செய்த செலவு ஏற்கப்படாது. ஆகவே கடிதம் வந்த மறுநாள் ரோந்து வாகனங்களுக்கு ஆர்டர் போடுவது உதவாது. பழைய ரசீதுகளைத் திரட்டி உடனே கோருவதே உதவும். ஆவணங்களை, இறுதி நிதி அறிக்கைக்குப் பிறகும் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருங்கள்.

நீதிமன்றம் போவதென்றால் எங்கே என்பதே முதல் சண்டை. மானிய ரத்தை எதிர்த்துப் பணம் கேட்கும் வழக்குகள் வாஷிங்டனிலுள்ள ஃபெடரல் கோரிக்கை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற பக்கம் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் தன் இடைக்கால உத்தரவுகளில் சாய்ந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை அங்கேயே நின்றுபோகலாம். கொள்கையை எதிர்க்கும் கோரிக்கையையும் பணத்தைக் கேட்கும் கோரிக்கையையும் தொடக்கத்திலேயே பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

உங்களிடமிருந்து துணை மானியம் பெறும் இல்லங்களுக்கும் அமைப்புகளுக்கும் கடிதம் வந்த அன்றே தெரிவியுங்கள். நீங்கள் ஃபெடரல் அரசுக்கு இறுதி அறிக்கை தர 120 நாள் உண்டு. அவர்கள் உங்களுக்குத் தர 90 நாள்தான், அந்த நாள்கள் அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும்.